வெயில் ஏறினால் காற்று என்ன செய்யும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீடாமங்கலம் பக்கத்தில் சாயங்கால நேரத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். வெப்ப இயற்பியல் பாடம் தொடங்கியதும் ஒவ்வொரு வருஷமும் அதே சந்தேகங்கள் வரும். பிள்ளைகள் மட்டுமில்லை, அவர்களைக் கூட்டிப்போக வரும் அப்பாக்கள், நெல் மூட்டை ஏற்றும் லாரி டிரைவர், கல்யாண மண்டபத்தில் சமைக்கிறவர் என்று எல்லோரும் ஏதாவது ஒன்றைக் கேட்டுவிட்டுத்தான் போவார்கள். அவர்கள் கேட்டதைக் கேட்டபடியே எழுதிப் பதிலும் போட்டிருக்கிறேன். மேலிருந்து வரிசையாகப் படியுங்கள், பின்னால் வரும் பதில்களுக்கு முன்னால் சொன்னது தேவைப்படும்.

காத்தைச் சூடாக்கினா பெரிசாகுதுன்னு சொல்றீங்களே சார், உள்ள இருக்கிற மூலக்கூறு எல்லாம் உப்பிடுமா?

உப்பாது. மூலக்கூறு அதே அளவில்தான் இருக்கும், மாறுவது அதன் வேகம். 27 டிகிரியில் ஒரு நைட்ரஜன் மூலக்கூறு சராசரியாக நொடிக்கு அரை கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஆனால் ஒரு தலைமுடியின் கனத்தளவு தூரம்கூட நேராகப் போக முடியாது, அதற்குள் பக்கத்தில் இருப்பதன் மேல் மோதித் திரும்பிவிடும். சூடு ஏறினால் ஓட்டம் கூடும், பாத்திரத்தின் சுவரை இன்னும் பலமாக இடிக்கும், சுவர் விலகிக்கொடுத்தால் வாயு அதிக இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

காற்றில் பெரும்பகுதி வெறும் இடம்தான் என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் காற்றை அப்படியே குளிரவைத்துத் திரவமாக்கினால் ஒன்றரை மில்லிக்குள் அடங்கிவிடும். அவ்வளவு இடம் காலியாக இருப்பதால்தான் வாயுவை இஷ்டத்துக்குச் சுருக்கவும் விரிக்கவும் முடிகிறது, தண்ணீரை அப்படிச் செய்ய முடிவதில்லை.

அழுத்தினா சுருங்கும், சரி. எவ்வளவு சுருங்கும்னு எப்படிச் சொல்றது?

மருந்துக்கடையில் 10 மில்லி சிரிஞ்சு ஒன்று வாங்குங்கள், ஊசி வேண்டாம். பிஸ்டனை 10 வரை இழுத்து, முனையைக் கட்டைவிரலால் இறுக்கி அடைத்துக்கொண்டு அழுத்துங்கள். 5-க்குக் கொண்டுவர ஏறக்குறைய இரண்டு கிலோ எடையைத் தூக்கி வைத்தது போல அழுத்த வேண்டியிருக்கும். அதையும் பாதியாக்கி இரண்டரைக்குக் கொண்டுவர இன்னும் இரண்டு கிலோ போதும் என்று பிள்ளைகள் நினைப்பார்கள், போதாது, மொத்தம் ஆறு கிலோ ஆகும். அடைத்த விரல் வெளுத்துவிடும், முனையோரமாகக் காற்று புஸ்ஸென்று கசியும், பெரும்பாலும் யாராலும் இரண்டரையைத் தொட முடியாது.

கணக்கு இதுதான். வெளிக்காற்று ஏற்கனவே ஒரு பங்கு அழுத்திக்கொண்டிருக்கிறது. கன அளவு பாதியாக அழுத்தம் 2 பங்கு வேண்டும், கால்வாசியாக 4 பங்கு. அதில் ஒரு பங்கை வெளிக்காற்றே தந்துவிடும், மீதி 1 பங்கும் 3 பங்கும் உங்கள் கை தர வேண்டியது. அழுத்தத்தையும் கன அளவையும் பெருக்கினால் எப்போதும் ஒரே எண் வரும் என்று இராபர்ட் பாயில் 1662-இல் வெளியிட்டார், பாதரசம் ஊற்றிய வளைந்த கண்ணாடிக் குழாயை வைத்து. வெப்பநிலை மாறாமல் இருந்தால் மட்டும்தான் இது செல்லும். அந்த "ஒரு பங்கு வெளிக்காற்று" கண்ணுக்குத் தெரியாமலே கணக்கில் உட்கார்ந்திருக்கும், டயர் கேள்வியில் மறுபடியும் வருகிறது.

நாகப்பட்டினத்துல ஆழத்துல பிடிச்ச களவா மீனுக்கு வயிறு வாய் வழியா பிதுங்கி நிக்குதே, அதுவும் பாயில் விதிதானா?

ஆமாம், அதே விதிதான். கடலில் 10 மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 40 மீட்டர் ஆழத்தில் மொத்தம் 5 பங்கு. களவாவின் உடம்புக்குள் ஒரு காற்றுப்பை இருக்கிறது. தூண்டிலில் சட்டென்று மேலே இழுக்கும்போது அந்தப் பைக்குள் இருக்கும் வாயு 5 மடங்கு விரியப் பார்க்கும், அவ்வளவு சீக்கிரம் வெளியேற அதற்கு வழியில்லை. பை உப்பி வயிற்றை வாய்ப்பக்கம் தள்ளிவிடுகிறது. கண்ணும் பிதுங்கும்.

சூடாக்கினா கன அளவு கூடுமா, அழுத்தம் கூடுமா? புத்தகத்துல ஒரு இடத்துல அது, இன்னொரு இடத்துல இது.

எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது, இதில் தெளிவு வந்துவிட்டால் மீதிப் பாடம் தானாக வந்துவிடும். எது கூடும் என்பதை வாயு முடிவு செய்வதில்லை, பாத்திரம் முடிவு செய்கிறது. அதனால் சூத்திரத்தைத் தேடுவதற்கு முன்னால் ஒன்றைக் கேளுங்கள்: இங்கே எது பூட்டியிருக்கிறது? சுவர் அசையாது என்றால் கன அளவு பூட்டு, சூடேறினால் அழுத்தம் கூடும். சுவர் தாராளமாக நகரும் என்றால் அழுத்தம் பூட்டு, கன அளவு கூடும். இரண்டாவதற்குத்தான் சார்லஸ் விதி என்று பெயர். பிரான்சில் ழாக் சார்லஸ் 1787 வாக்கில் சோதித்துப் பார்த்துவிட்டு வெளியிடாமலே வைத்திருந்தார், 1802-இல் கே-லூசாக் தம் சோதனைகளோடு அதையும் எடுத்துச் சொன்னார்.

நகரும் சுவர் பார்க்க வேண்டுமா, மாடு வைத்திருப்பவர்கள் வீட்டுக் கொல்லையில் பழைய கோபர் கேஸ் தொட்டி இருந்தால் போய்ப் பாருங்கள், இரும்பு டிரம் கவிழ்த்து மிதக்கவிட்ட வகை. டிரம்மின் எடை மாறாது, அதனால் உள்ளே அழுத்தமும் மாறாது. நான் ஒரு சித்திரை மாதம் காலை ஆறு மணிக்கு டிரம்மின் பக்கத்தில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு மதியம் போய்ப் பார்த்தேன், கோடு ஒரு சாண் மேலே ஏறியிருந்தது. அது அத்தனையும் சூட்டின் வேலை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 26-லிருந்து 36 டிகிரிக்கு ஏறினால் ஒரு மீட்டர் உயரம் நிற்கும் வாயு 3 சென்டிமீட்டர் சொச்சம்தான் உயரும், இரண்டு விரல் அகலம். மீதி ஏற்றம் சாணக் கரைசலில் புதிதாக ஊறி வந்த வாயு. இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்வதுதான் இந்தப் பாடமே.

20 டிகிரியிலிருந்து 40 டிகிரி ஆனா கன அளவு ரெண்டு மடங்கு ஆயிடும்தானே?

ஆகாது. செல்சியஸில் பூஜ்ஜியம் என்பது தண்ணீர் உறையும் இடம், வாயுவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஊர் எல்லையிலிருந்து அளக்காமல் பாதி வழியிலிருக்கும் மைல்கல்லிலிருந்து தூரம் அளப்பது போன்றது அது. கெல்வினுக்கு மாற்ற 273 கூட்டுங்கள்: 293, 313. ஏழு சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் கூடும்.

நம் ஊருக்கு மனக்கணக்காக ஒன்று: 27 டிகிரி என்றால் 300 கெல்வின். அதிலிருந்து ஒவ்வொரு 3 டிகிரிக்கும் ஒரு சதவீதம். காலையில் 27, கத்திரி வெயில் மதியத்தில் 42 என்றால் 5 சதவீதம். தாள் இல்லாமலே சொல்லிவிடலாம்.

அப்ப மைனஸ் 273-ல காத்து காணாமலே போயிடுமா?

வரைபடத்தில் கோட்டை நீட்டினால் கன அளவு பூஜ்ஜியத்தைத் தொடுவது −273.15 டிகிரியில், அதைத்தான் தனிச்சுழி என்கிறோம். ஆனால் எந்த வாயுவும் அதுவரை வாயுவாக இருக்காது. ஆக்சிஜன் −183-லும் நைட்ரஜன் −196-லும் திரவமாகிவிடும். அதற்கப்புறம் இந்த விதிக்கு அங்கே வேலையில்லை.

வேளாங்கண்ணித் திருவிழாவுல வாங்கின கேஸ் பலூன் பஸ்ஸை விட்டு இறங்கி வெயில்ல நடந்ததும் டப்புன்னு போயிடுச்சு. வெறும் அஞ்சு சதவீதத்துக்கா வெடிக்கும்?

பலூனின் சுவர் பாதி பூட்டு, பாதி திறப்பு. கொஞ்சம் ஊதியிருக்கும்போது தாராளமாக நகரும், முழுக்க ஊதிவிட்டால் ரப்பர் அதன் எல்லையில் நிற்கிறது. அந்த நிலையில் 5 சதவீதம் பெரிய சமாச்சாரம். முக்கால்வாசி மட்டும் ஊதிய பலூன் அதே வெயிலில் ஒன்றும் ஆகாமல் வீடு வந்து சேரும்.

இன்னொன்று இதைவிட முக்கியம். திருவிழாக் கடைகளில் அடைப்பது பல இடங்களில் ஹைட்ரஜன். பீடி, சூடம், மத்தாப்பு எதன் பக்கத்திலும் கொண்டுபோகாதீர்கள், குழந்தையின் கையில் இருக்கும்போது பலூன் வெடிப்பதை விடப் பற்றிக்கொள்வதுதான் ஆபத்து.

காலையில 32 வச்சு காத்து அடிச்சேன், தஞ்சாவூர் போய்ச் சேர்ந்ததும் 37 காட்டுது. மீட்டர் தப்பா?

மீட்டர் சரிதான். டயரில் கன அளவு ஏறக்குறைய பூட்டு, அதனால் அழுத்தம் கூடுகிறது. ஆனால் 32-ஐ வைத்து நேராகப் பெருக்கிவிடாதீர்கள், சிரிஞ்சு கேள்வியில் சொன்ன ஒளிந்திருக்கும் வெளிக்காற்று இங்கேதான் வருகிறது. மீட்டர் வெளிக்காற்றுக்கு மேல் எவ்வளவு என்றுதான் காட்டும், பஞ்சரான டயரில் பூஜ்ஜியம் காட்டுகிறதே, உள்ளே காற்றே இல்லையா என்ன? வெளிக்காற்று 14.7 பி.எஸ்.ஐ. அதைக் கூட்டினால் 46.7. தார்ச்சாலையில் ஓடி டயர் 27-லிருந்து 62 டிகிரிக்குப் போனால் 46.7 × 335 ÷ 300, கிட்டத்தட்ட 52. மறுபடி 14.7-ஐக் கழித்தால் 37-க்குக் கொஞ்சம் மேலே. கூட்டாமல் போட்டால் 36-கூட வராது, பரீட்சையிலும் மதிப்பெண் போகும்.

அப்ப வெயில்ல ஏறின காத்தை இறக்கிவிட்டுடலாமா? லோடு வண்டி, வெடிச்சிடுமோன்னு பயமா இருக்கு.

இறக்காதீர்கள். வண்டிக் கம்பெனி சொல்லும் அளவு டயர் ஆறியிருக்கும்போது இருக்க வேண்டியது, ஓடினால் ஏறும் என்பதைச் சேர்த்துத்தான் டயரைச் செய்கிறார்கள். சூட்டில் இறக்கிவிட்டால் ராத்திரி ஆறியதும் காற்று குறைவாக நிற்கும். குறைவான காற்றோடு மூட்டை ஏற்றி ஓடினால் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கி நிமிரும், அந்த மடங்கலே சூட்டைக் கிளப்பும், அந்தச் சூட்டில்தான் பெரும்பாலும் டயர் கிழிகிறது. கொள்முதல் நிலையத்துக்கு முன்னால் வரிசையில் நிற்கும்போது டயர் நன்றாக ஆறிவிடும், காற்றுப் பார்க்க அதுதான் நேரம்.

சைக்கிள் பம்பு அடிக்கும்போது அடிப்பாகம் சுடுதே, உரசுறதாலயா?

கொஞ்சம் உரசல், மீதி காற்றைச் சுருக்கியதால். வேகமாக அழுத்தும்போது நீங்கள் செலவழித்த உழைப்பு உள்ளேயிருக்கும் மூலக்கூறுகளின் வேகத்தைக் கூட்டிவிடுகிறது, சூடு வெளியேற நேரம் கிடைப்பதில்லை. பாயில் விதி சொல்வதைவிட அழுத்தம் கூடுதலாக ஏறும். மெதுவாக அழுத்தினால் சூடு கசிந்துபோய்ப் பாயில் சொன்னபடி வரும்.

மண்டபத்துல பெரிய அடுப்பு எரியுறப்ப சிலிண்டர் வேர்த்து ஐஸ் கட்டுது, தீ குறையுது. சுடுதண்ணியில வைக்கலாமா?

சமையல் சிலிண்டருக்கு மேலே சொன்ன எந்த விதியையும் அப்படியே போட முடியாது, ஏனென்றால் உள்ளே இருப்பது பெரும்பாலும் திரவம். 14.2 கிலோவோ 19 கிலோவோ, திரவம் கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும்வரை அதன் மேலே நிற்கும் ஆவியின் அழுத்தத்தை வெப்பநிலை மட்டும்தான் தீர்மானிக்கும். பாதி தீர்ந்தாலும் தீ குறையாமல் எரிவது அதனால்தான்.

பெரிய அடுப்பு வேகமாக வாயுவை இழுக்கும்போது திரவம் அதே வேகத்தில் ஆவியாக வேண்டும், அதற்கான சூட்டைத் தன்னிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. சிலிண்டர் குளிர்ந்து, அழுத்தம் இறங்கி, தீ சுருங்குகிறது. இதற்கு முறையான வழி இரண்டு மூன்று சிலிண்டரைச் சேர்த்து இணைத்துவிடுவது, சுமை பங்கிடப்படும். அடியில் தீ வைத்துச் சூடேற்றுவது, கொதிநீர் ஊற்றுவது, படுக்கவைத்து எரிப்பது எதுவும் வேண்டாம். திரவத்துக்கு விரிய இடம் விட்டுத்தான் நிரப்புகிறார்கள், சூடேற்றினால் அந்த இடமும் நிறைந்துவிடும், அதற்கப்புறம் இரும்பு தாங்காது. படுக்கவைத்தால் திரவமே குழாயில் வரும், அது ஏறக்குறைய 250 மடங்கு விரிந்து வாயுவாகும், தீ எட்டடி போகும்.

பூரி உப்புறது சார்லஸ் விதியாலதானே?

கொஞ்சம்தான். உள்ளே மாட்டிய காற்று 30-லிருந்து 100 டிகிரிக்குப் போனால் கால் பங்குகூட கூடாது, அதில் பூரி எழும்பாது. மாவில் இருக்கும் தண்ணீர்தான் உப்பவைக்கிறது, ஒரு மில்லி தண்ணீர் ஆவியானால் 1,600 மில்லிக்கு மேல் இடம் பிடிக்கும். காய்ந்த மாவில் பூரி உப்பாததற்கும் இதுதான் காரணம்.

கொடைக்கானல் போனப்ப சிப்ஸ் பாக்கெட் தலையணை மாதிரி உப்பிடுச்சு. ஆனா மலையில குளிராச்சே, சுருங்கத்தானே வேணும்?

இரண்டும் நடக்கிறது, ஒன்று ஜெயிக்கிறது. அழுத்தம், வெப்பநிலை இரண்டும் மாறினால் அழுத்தத்தையும் கன அளவையும் பெருக்கி வெப்பநிலையால் வகுங்கள், அந்த எண் மாறாது. தஞ்சாவூரில் அழுத்தம் 100 என்று வைத்தால் 2,100 மீட்டர் உயரத்தில் 79 வாக்கில் இருக்கும், அதனால் 1.27 மடங்கு விரியப் பார்க்கும். 32-லிருந்து 15 டிகிரிக்குக் குளிர்வது 0.94 மடங்காகச் சுருக்கப் பார்க்கும். பெருக்கினால் 1.2, ஐந்தில் ஒரு பங்கு கூடுதல்.

காரைக்கால்ல வானிலைக்காரங்க விடுற பலூன் எவ்வளவு பெரிசாகும்?

இதே கணக்கின் பெரிய வடிவம் இது. தரையில் சுமார் 2 மீட்டர் குறுக்களவுக்கு ஊதி விடுகிறார்கள், தளதளவென்று தொய்வாகவே இருக்கும். திருவிழாப் பலூன் மாதிரி முழுக்க ஊதினால் ஊர் எல்லையைத் தாண்டாது. 30 கிலோமீட்டர் உயரத்தில் அழுத்தம் தரையில் இருப்பதில் 84-இல் ஒரு பங்கு, வெப்பநிலை −45 டிகிரி வாக்கில். 84 மடங்கை 228 ÷ 303 ஆல் பெருக்கினால் 63 மடங்கு கன அளவு. 63-க்கு கனமூலம் கிட்டத்தட்ட 4, ஆக 2 மீட்டர் பலூன் 8 மீட்டராகிறது. அந்த இடத்தில்தான் ரப்பர் கிழிந்து கருவி கீழே வருகிறது. அதுவரை வெப்பநிலை, ஈரப்பதம், காற்றின் வேகம் எல்லாவற்றையும் அனுப்பிக்கொண்டே போகும்.

மழைக்கு முன்னாடி புழுக்கமா இருக்கே, ஈரக்காத்து கனமா இருக்கிறதாலதானே மூச்சு முட்டுது?

ஈரக்காற்று லேசானது, நம்பவே மாட்டார்கள். ஒரே வெப்பநிலை, ஒரே அழுத்தம் என்றால் ஒரு லிட்டரில் எந்த வாயுவுக்கும் ஒரே எண்ணிக்கை மூலக்கூறுகள்தான் என்று அவகாட்ரோ 1811-இல் சொன்னார். அப்படியானால் நீராவி உள்ளே வரும்போது அதே எண்ணிக்கை காற்று வெளியே போகிறது. நீராவியின் மூலக்கூறு எடை 18, காற்றின் சராசரி 29. கனமானது போய் லேசானது வந்திருக்கிறது. புழுக்கம் வேறு விஷயம், வியர்வை காய முடியாததால் வருவது.

சி.என்.ஜி. ஆட்டோ ஓட்டுறேன். மதியம் ஃபுல் பண்ணினா ராத்திரி முள்ளு இறங்கியிருக்கு. லீக்கா?

நாற்றம் இருந்தால் உடனே காட்டுங்கள், அதில் தாமதம் கூடாது. நாற்றம் இல்லை என்றால் பெரும்பாலும் சூடுதான். வேகமாக அடைக்கும்போது பம்பு கேள்வியில் சொன்னதுபோல வாயு சூடேறும். உள்ளே 55 டிகிரியில் இருக்கும்போது 200 பார் காட்டியது, ராத்திரி 30-க்கு ஆறினால் 185 வாக்கில்தான் காட்டும். வாயு எங்கும் போகவில்லை. கிலோ கணக்கில் வாங்குவதால் காசும் நஷ்டமில்லை, ஆனால் காலையில் அடைத்தால் அதே 200-க்குள் கொஞ்சம் கூடுதல் கிலோ பிடிக்கும்.

இன்னொரு சங்கதி, இத்தனை அழுத்தத்தில் பாயில் விதியே சற்றுப் பிசகும். மூலக்கூறுகள் நெருங்கியதும் ஒன்றையொன்று இழுத்துக்கொள்கின்றன, அதனால் 200 பாரில் மீத்தேன் சூத்திரம் சொல்வதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதிகமாகவே அடங்கும். இந்தப் பிசகுக்குக் கணக்கு எழுதியவர் வான்டர் வால்ஸ், 1873-இல். அதற்குத்தான் 1910-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

காலி வாட்டர் பாட்டிலை ஃபிரிட்ஜ்ல வச்சு சார்லஸ் விதி பார்த்தோம். 90 மில்லி வரணும், 110-க்கு மேல வருது. எங்க தப்பு?

தப்பு எதுவும் இல்லை. ஒரு லிட்டர் பாட்டிலை 32 டிகிரியில் மூடி, 5 டிகிரிக்குக் குளிரவைத்து, ஃபிரிட்ஜிலேயே குளிர்ந்த தண்ணீருக்குள் தலைகீழாக முக்கி மூடியைத் திறந்தால், சுருங்கிய அளவுக்குத் தண்ணீர் உள்ளே ஏறும். உள்ளே வெளியே தண்ணீர் மட்டத்தைச் சமமாகப் பிடித்துக்கொண்டு மூடிவிட்டு அளக்க வேண்டும். 305-லிருந்து 278 கெல்வின், 9 சதவீதம், அதனால் 90 மில்லி என்று எதிர்பார்த்திருப்பீர்கள். ஆனால் நீங்கள் அடைத்தது டெல்டாவின் ஈரக்காற்று. அதில் இருந்த நீராவியில் பெரும்பகுதி குளிரில் பாட்டிலின் உட்சுவரில் பனித்துளியாகப் படிந்துவிட்டது, திறக்கும் முன் வெளிச்சத்தில் பார்த்தால் மங்கலாகத் தெரியும். வாயுவாக இருந்தது தண்ணீராகிவிட்டதால் அந்த இடமும் காலி. ஈரப்பதம் 80 சதவீதம் என்று வைத்து நான் போட்ட கணக்கில் 115 மில்லி வருகிறது. ஐப்பசி அடைமழையில் ஒரு தடவை, வறண்ட மதிய வெயிலில் ஒரு தடவை செய்து, இரண்டையும் மில்லியில் குறித்து எடுத்துவாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து போட்டுப் பார்க்கலாம்.